ஈரம் காயாத அரண்மனை

அந்தக் கதவு நேற்று சாத்தித்தானே இருந்தது.

புவனா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கேட்பதற்குக் கணவன் எதிரிலேயே இருந்தான். கௌதமன் சோபாவில் சாய்ந்து டீ குடித்தபடி செல்போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு மேலே சுவரில் நான்கு பீங்கான் தட்டுகள் வரிசையாக மாட்டியிருந்தன. மைசூர், மதுரை, பத்மநாபபுரம், தஞ்சாவூர். நான்கிலும் அரண்மனைகள். ஆடிக் காற்று மேற்கே மலையிறங்கி வந்த வேகத்தில் வடவள்ளியின் எல்லாச் சன்னல்களையும் ஒரே சமயத்தில் உலுக்கும்போதெல்லாம், யாரோ நகத்தால் சுவரைத் தட்டிப் பார்ப்பதுபோலத் தட்டுகள் டிக், டிக் என்று ஆடின. அந்தச் சத்தத்துக்குத்தான் அவள் நிமிர்ந்தாள். மைசூர் அரண்மனையின் நடுவாசலில், இரண்டு கதவுகளும் பொருந்தி நின்ற இடத்தில், ஒரு கோடு அளவுக்குக் கருப்பு விழுந்திருந்தது. விரிசல் இல்லை. கதவைக் கொஞ்சமாகத் திறந்தால் உள்ளே தெரியுமே, அந்த இருட்டு.

தட்டுகள் வீட்டுக்கு வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

வரைந்தவர் பாவாத்தாள். இரண்டு தெரு தள்ளி, பெரிய கேட் போட்ட வீட்டில் தனியாக இருந்தவர். தாராபுரத்துப் பக்கம் தோட்டங்காட்டில் பிறந்து, மில் வைத்திருந்த குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, கணவர் போன பிறகு அறுபது வயதுக்கு மேல் பீங்கானில் வரையக் கற்றுக்கொண்டவர். அவர் வரைந்த எந்த அரண்மனைக்கும் அவர் போனதில்லை. காலண்டரையும் தபால் அட்டையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு தூண்கூட விடாமல், ஓட்டின் மேல் ஓடு படிந்த வரிசைகூடத் தப்பாமல் வரைவார். ஆனால் எந்தத் தட்டிலும் மனிதர்கள் இருக்கமாட்டார்கள். வாசலில் காவலாள் கிடையாது, முற்றத்தில் ஒரு வேலைக்காரி கிடையாது. புவனா ஒருமுறை ஏன் என்று கேட்டதற்கு, வருகிறவர்களுக்கு இடம் விட்டு வைத்திருப்பதாகச் சொல்லிச் சிரித்தார்.

அவருக்குக் கண் ஆபரேஷன் ஆன சமயத்தில் சொட்டு மருந்து போட ஆள் இல்லையென்று புவனா போக ஆரம்பித்தாள். மருந்து நின்ற பிறகும் போகவேண்டியிருந்தது. அந்த வீட்டுக்குள் போவது சுலபம், வெளியே வருவதுதான் கஷ்டம். முதலில் தண்ணீர், பிறகு காபி, பிறகு முறுக்கு, பிறகு புதிதாக வரையத் தொடங்கிய தட்டு. "இருங்க கண்ணு, என்ன அவசரம்" என்ற ஒரு வாக்கியத்தை வைத்தே அவர் ஆளை ஒரு மணி நேரம் பிடித்து வைத்துவிடுவார். புவனாவுக்கோ முடியாது என்ற சொல் பிறந்ததிலிருந்தே வாயில் வந்ததில்லை. துணிக்கடையில் பிடிக்காத சேலையைக்கூட அப்புறம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வருவாள். அதனால் பாவாத்தாளிடமும் அதையே சொல்லித் தப்பித்தாள். நாளைக்கு வாரேனுங்க. வெள்ளிக்கிழமை கண்டிப்பா வாரேனுங்க. கடைசி நான்கு மாதம் அவள் போகவே இல்லை. அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு காய்கறிக் கடைக்குப் போனாள். போன் வரும். "உங்களுக்குத் தோதுப்படலைன்னா புள்ளையவாவது அனுப்பி உடுங்க கண்ணு. ஊட்டுக்கு ஓராளு வந்தாப் போதும்." கல்யாணத்துக்கும் சீருக்கும் அழைக்கிறவர்கள் எல்லோரும் சொல்லும் பேச்சு அது. அதற்கும் அவள் சரிங்க என்றாள்.

அந்தப் போனும் நின்று ஒரு மாதம் கழித்து அந்தத் தெருவில் எழவுப் பந்தல் போட்டார்கள்.

புவனா மகள் இளவேனிலின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். ஏழு வயதுக் குழந்தையை எழவு வீட்டுக்குக் கூட்டிப் போயிருக்க வேண்டாம், ஆனால் வீட்டில் விட ஆள் இல்லை. ஐஸ் பெட்டியின் கண்ணாடிக்குக் கீழே பாவாத்தாளின் முகம் அவர் வரையாமல் வைத்திருக்கும் வெறும் தட்டுகளைப் போலவே வெளுத்து, வழவழவென்று இருந்தது. புவனா அழுதாள். குற்ற உணர்ச்சியில்தான் அழுதாள், அது அவளுக்கே தெரிந்தது. பிறகு எழுந்து, சேலையைச் சரிசெய்து, கண்ணாடியின் மேல் குனிந்து, நான்கு வருடப் பழக்கத்தில் சொல்லிவிட்டாள்.

"நாங்க போயிட்டு வாரோமுங்க."

எழவு வீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. பேசாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். வருகிறேன் என்ற சொல்லை அங்கே வாயில் எடுக்கக் கூடாது. இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஒப்பாரி பாடிக்கொண்டிருந்த பெண்கள் ஒரு நொடி நிறுத்தினார்கள். அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்து வந்த பழனியாத்தாள் எழுந்து வந்து அவள் முழங்கையைப் பிடித்து வாசல்வரை தள்ளிக்கொண்டு போனாள். "எழவு ஊட்டுல வந்து பேசற பேச்சுங்களா அம்மணி இது? அதும் புள்ளையையும் சேத்தி."

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, மகன் கிருபாசங்கர் நான்கு தட்டுகளையும் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். அம்மா சீட்டில் எழுதி வைத்திருந்தார்களாம், இவை புவனாவுக்கு என்று. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வரவில்லை. கௌதமனே ஆணியடித்து மாட்டினான். வீடு களையாகிவிட்டது என்றான்.

இரண்டு மணிக்கு அவன் கிளம்பினான். பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பம்ப் செய்யும் கம்பெனியில் அவனுக்கு இந்த மாதம் முழுக்க இரண்டாம் ஷிப்டு. வண்டிச் சத்தம் தெருமுனையில் தேய்ந்து மறையும்வரை காத்திருந்து, புவனா ஸ்டூல் போட்டு ஏறி மைசூர் தட்டைக் கழற்றினாள். கதவிடுக்கின் இருட்டை ஆள்காட்டி விரலால் தொட்டாள்.

விரலில் கருப்பு ஒட்டியது.

மூக்கருகே கொண்டு போனாள். கிராம்பு வாசம். பல் வலிக்கு வைப்பார்களே, அந்தக் காரமான, நாக்கை மரத்துப்போகச் செய்யும் வாசம். பாவாத்தாளின் வரையும் அறை முழுக்க அதுதான் இருக்கும். வண்ணப்பொடியைக் கிராம்பு எண்ணெயில் குழைத்துத்தான் அவர் வரைவார். அந்த எண்ணெய் வண்ணத்தை லேசில் காயவிடாது, நாள்கணக்கில் ஈரமாகவே வைத்திருக்கும். தப்பாகிவிட்டால் துணியால் துடைத்துவிட்டு மறுபடி வரையலாம். மின்சாரச் சூளையில் வைத்துச் சுட்டு எடுத்த பிறகுதான் அது தட்டோடு தட்டாகும், அதன் பிறகு கல்லால் தேய்த்தாலும் போகாது. சுடுகிறவரைக்கும் எல்லாம் பொய், ஒரு துணி போதும் என்பார். சொல்லிக்கொண்டே, இரண்டு நாள் பாடுபட்டு வரைந்த ஒரு கோபுரத்தை அவள் கண்ணெதிரே ஒரே இழுப்பில் துடைத்து எறிந்திருக்கிறார்.

புவனா சமையலறைத் துணியால் துடைத்தாள். இருட்டு போய்விட்டது. அடியில் பழைய கதவு, சுட்ட வண்ணத்தில், சாத்தியபடி இருந்தது.

மனசு ஆறவில்லை. கிருபாசங்கருக்குப் போன் செய்து, தட்டுகளில் ஏதாவது வேலை பாக்கியிருந்ததா என்று சுற்றி வளைத்துக் கேட்டாள். நான்கும் எப்போதோ சுட்டு முடித்தவை என்றார் அவர். சூளையையே மூன்று மாதத்துக்கு முன் யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம். அம்மாவுக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது, கரண்டியையே பிடிக்க முடியவில்லை, பிறகு எங்கே தூரிகை. ஏன், ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். ஒன்றுமில்லை, சும்மா கேட்டேன் என்றாள்.

மறுநாள் மதுரைத் தட்டில், திருமலை நாயக்கர் மகாலின் பெருந்தூண்களுக்கு நடுவே, தரையில், ஒரு விளக்கு எரிந்தது. அரிசிமணி அளவு மஞ்சள். அதைச் சுற்றித் தூண்களின் நிழல் விழவேண்டிய பக்கத்தில் சரியாக விழுந்திருந்தது. நடுங்காத கை வரைந்தது. புவனா துடைத்தாள். துணியை மூன்று முறை அலசியும் கிராம்பு வாசம் போகவில்லை. இரவு சோறு பிசையும்போது விரலிடுக்கில் வந்தது, மகளுக்குத் தலை பின்னும்போது வந்தது, கௌதமன் ஷிப்டு முடிந்து வந்து பக்கத்தில் படுத்து, பல் வலிக்கிறதா என்று கேட்டான்.

புதன்கிழமை பத்மநாபபுரம். மர வாசலின் படியில் ஒரு பித்தளைச் செம்பு. செம்பில் தண்ணீர். தண்ணீர் இருப்பது தெரிவதற்காக விளிம்பில் ஒரு வெள்ளைப் புள்ளி மினுங்கியது.

அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் புவனாவுக்குப் புரிந்தது. புரிந்ததும் முதுகுத்தண்டில் ஈரத் துணியைப் போட்டு இழுத்ததுபோல இருந்தது. கதவைத் திறந்து வைத்தாயிற்று. விளக்கை ஏற்றியாயிற்று. வாசலில் தண்ணீர் வைத்தாயிற்று. விருந்தாளி வருகிற வீட்டில் இந்த வரிசையில்தான் செய்வார்கள். அவளும் அப்படித்தான் செய்வாள். நான்கு தட்டும் நான்கு அரண்மனைகள் இல்லை, ஒரே வீடு. யாரோ ஒருவர் அதன் ஒவ்வொரு வாசலாகப் போய், வருகிறேன் என்று சொன்னவளுக்காக வேலை செய்துகொண்டிருக்கிறார். அவள் தினமும் துணியை எடுத்து அதைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

செம்பையும் துடைத்தாள். என்ன செய்வதென்று தெரியாமல்தான் துடைத்தாள்.

பின்னாலிருந்து இளவேனில் கேட்டாள். "தண்ணி வெச்சா குடிக்கணும்ல மா? அவங்க மூஞ்சி சுண்டிப்போகும்ல?"

"யார் மூஞ்சி?"

குழந்தை தோளைக் குலுக்கிவிட்டு வீட்டுப்பாட நோட்டைத் தேடப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலையில் மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, புவனா பழனியாத்தாளைத் தேடிப் போனாள். அவள் இப்போது வேறொரு வீட்டில் வேலை செய்தாள். பின்கட்டுக் குழாயடியில் குத்துக்காலிட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, புவனா தட்டுத் தடுமாறிச் சொன்ன முழுவதையும் கேட்டாள். நம்பாத முகம் இல்லை. பயந்த முகமும் இல்லை. கடைசியில் கையைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"உங்க வாயில இல்லீங்கற பேச்சே வராதுன்னு அந்தம்மாளுக்கு நல்லாத் தெரியுமுங்க. சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். ஆனாலும் நீங்க சொன்ன ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ரெண்டு டம்ளர் காப்பி போடச் சொல்லும். ஆறிப்போனத நாந்தான் ஊத்துவேன்."

புவனா தரையைப் பார்த்தாள்.

"வர முடியாதுன்னு வாயத் தொறந்து சொல்லிப்போடுங்க அம்மணி. சொன்னாப் புரிஞ்சுக்கும். சொல்லாட்டி எலயப் போட்டு வெச்சுட்டு உக்காந்தே இருக்கும்."

அன்று பகல் முழுவதும் அவள் அந்த ஒரு வாக்கியத்தைப் பழகினாள். வரமாட்டேன். எங்களால் வர முடியாது. துணி காயப்போடும்போது சொல்லிப் பார்த்தாள், மிக்சி ஓடும் சத்தத்தில் உரக்கச் சொல்லிப் பார்த்தாள். எத்தனை சின்ன வாக்கியம். இதைச் சொல்லியிருந்தால் அந்த நான்கு மாதமும் ஒரு கிழவி வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டாள். தான் இத்தனை வருடமும் பிறர் மனம் நோகக் கூடாதென்று பொய் சொல்லவில்லை, தன்னை யாரும் கெட்டவள் என்று நினைத்துவிடக் கூடாதென்றுதான் சொன்னோம் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதை வேகமாகத் தள்ளிவிட்டாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் தட்டுகளுக்கு முன்னால் போய் நின்றாள். மகள் படுக்கையறையில் கட்டிலில் படம் வரைந்துகொண்டிருந்தாள். காற்று திடீரென்று நின்றிருந்தது. தட்டுகள் ஆடவில்லை. நான்கு வாசல்களும் அவள் பேசுவதற்காகக் காத்திருப்பதுபோல அமைதியாக இருந்தன. எங்கோ மிக உள்ளே, சுவருக்கும் உள்ளே, யாரோ இலையை விரித்துத் தண்ணீர் தெளிக்கும் மெல்லிய சத்தம் கேட்டதா, இல்லை அடுத்த வீட்டுக் குழாயா, அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"மன்னிச்சுக்கோங்க," என்று ஆரம்பித்தாள்.  கண்ணாடிக்குக் கீழே இருந்த அந்த முகம் நினைவுக்கு வந்தது. ஆறிப்போன காபி நினைவுக்கு வந்தது. அவள் நாக்கு, நாற்பது வருடம் பழகிய வழியில், தானாகவே போனது.

"இன்னொரு நாளைக்கு வாரோமுங்க."

சொன்ன பிறகுதான் கேட்டது. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

படுக்கையறையிலிருந்து இளவேனிலின் குரல் வந்தது. பெரியவர்களிடம் பேசும் மரியாதைக் குரல். "சரிங்க ஆத்தா."

புவனா ஓடினாள். குழந்தை தனியாகத்தான் இருந்தாள். மடியில் நோட்டு, கையில் பென்சில். யாரோடு பேசினாய் என்று தோளைப் பிடித்துக் கேட்டதற்கு, வலிக்குது விடு மா என்று நெளிந்தாள். "ஆத்தா கேட்டாங்க. அம்மாவுக்குத் தோதுப்படலயாம், நீ வாரயா கண்ணுன்னு. நா சரின்னுட்டேன். நீயும் அப்படித்தான சொல்லுவ?"

இரவு கௌதமன் வந்ததும், தட்டுகள் இந்த வீட்டில் இருக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். காரணம் சொல்லவில்லை. அவன் சலித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஆனைமலைக் கோயிலுக்குப் போகும்போது வழியில் எங்காவது கொடுத்துவிடலாம் என்றான். உடைத்துவிடலாமா என்று அவள் இரவு முழுக்க நினைத்தாள். உடைத்தால் கதவு மூடிக்கொள்ளுமா, இல்லை கதவே இல்லாமல் போய்விடுமா. யாரிடம் கேட்பது. விடியும்போது நான்கையும் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்து, டேப் ஒட்டி, துவைக்கும் இயந்திரம் இருக்கும் பின்பக்க வராந்தாவில் வைத்தாள். மகளைப் பள்ளிக்கு அனுப்பினாள். வீட்டைவிடப் பள்ளிக்கூடமே மேல் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை நாலேகாலுக்கு வேன் ஹாரன் கேட்டது. இளவேனில் மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். சிவப்பு ரிப்பன் கட்டிய இரண்டு சடையும் காற்றில் கலைந்திருந்தன. புவனா கதவருகிலேயே அவளைக் கட்டிப்பிடித்து உச்சியை முகர்ந்தாள். வியர்வை, புழுதி, டிபன் பாக்ஸில் ஊறிய எலுமிச்சைச் சோறு. என் குழந்தை. ஷூவைக் கதவுக்கு உள்ளேயே கழற்றிப் போட்டுவிட்டு, பசிக்குது மா என்று கத்திக்கொண்டே அவள் உள்ளறைக்கு ஓடினாள். புவனா கதவைத் தாழிட்டு, அடுப்பில் பால் வைத்தாள்.

கரண்ட் போனது.

மேகம் மூடிய சாயங்காலம். சமையலறை சாம்பல் நிறமாகிவிட்டது. மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. ஃபிரிஜ் ஒருமுறை குலுங்கி அடங்கியது. வெளியே காற்று தென்னையைப் பிடித்து ஆட்டும் சத்தம், எங்கோ ஒரு தகரம் அடித்துக்கொள்ளும் சத்தம், பால் மெல்லச் சூடேறும் சத்தம். பால் வாசம். பால் வாசத்துக்குள் வேறொரு வாசம்.

கிராம்பு.

உள்ளறையிலிருந்து எந்தச் சத்தமும் இல்லை என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். பீரோ திறக்கும் சத்தம் இல்லை. பாட்டு முணுமுணுக்கும் சத்தம் இல்லை.

"வேனில்?"

பால் பொங்கியது. அடுப்பை அணைத்தாள்.

"வேனில், இங்க வா சாமி."

"வாரேன் மா."

குரல் உள்ளறையிலிருந்து வரவில்லை. பின்பக்க வராந்தாவிலிருந்து வந்தது. மெல்லிசாக. பல சுவர்களைத் தாண்டி வருவதுபோல. செய்தித்தாள் சுற்றிய பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல.

அவளுக்கு எப்படி வராந்தாவுக்குப் போனோம் என்பது தெரியவில்லை. டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். மைசூர். கதவு சாத்தியிருந்தது. மதுரை. தூண்கள் மட்டும். பத்மநாபபுரம். படி காலி. மூன்றையும் தரையில் வைத்தாள்.

தஞ்சாவூர்த் தட்டைச் சுற்றியிருந்த தாள் எண்ணெய் ஊறிக் கண்ணாடிபோல ஆகியிருந்தது. விரல் நுனியால், மூச்சை அடக்கிக்கொண்டு, உரித்தாள்.

அரண்மனை வாசல் விரியத் திறந்திருந்தது. உள்ளே விளக்கு. வாசலுக்கு வெளியே, வீட்டுக்குள் வருகிறவர்கள் கழற்றிப் போடும் இடத்தில், ஒரு சோடி ஷூ. கருப்பு. கடுகு அளவு. ஒன்று கவிழ்ந்து கிடந்தது, ஓடி வந்த அவசரத்தில் உதறியதுபோல.

நிமிர்ந்து முன்வாசலைப் பார்த்தாள். வராந்தாவிலிருந்து நேராகத் தெரிந்தது. கதவு தாழிட்டபடியே இருந்தது. அதன் அருகில் ஷூ கிடந்த தரை வெறுமையாக இருந்தது.

மறுபடியும் தட்டு. கோபுரம். அடுக்கடுக்காய் வளைவுச் சன்னல்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். காலி. காலி. காலி. மேலடுக்கில், மூலைச் சன்னலில், இரண்டு சிவப்புப் புள்ளிகள்.

ரிப்பன்.

இரண்டு புள்ளிக்கும் நடுவே ஒரு முகம். எள் அளவு. அதில் கண்கள் இருந்தன. வாய் திறந்திருந்தது. ஒரு கை சன்னலின் மேல் விரித்து வைத்திருந்தது. ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன.

ஈரமாக மினுங்கியது எல்லாம்.

தொடக் கூடாது. மூச்சு படக் கூடாது. சுட்டால் அங்கேயே நின்றுவிடுவாள். துடைத்தால் எங்குமே இருக்கமாட்டாள். புவனா தட்டை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, தரையோடு தரையாகச் சமமாகப் பிடித்துக்கொண்டாள். இந்த ஒரு வாரத்தில் தன் கை எத்தனை சுலபமாகத் துணியை இழுத்தது என்பதை மட்டும் நினைத்தாள்.

பின்னால் வெறுங்கால் சத்தம். சின்னப் பாதங்கள். அவசரமில்லாத நடை.

திரும்பினாள்.

இளவேனில் நின்றுகொண்டிருந்தாள். பள்ளிச் சீருடை. சிவப்பு ரிப்பன். சடைகள் கலையாமல், ஒரு மயிர் பிசகாமல் பின்னியிருந்தன. முகம் வழவழவென்று இருந்தது. வியர்வை இல்லை. புழுதி இல்லை. கையில் நாலாக மடித்த சமையலறைத் துணி.

"தட்டெல்லாம் அழுக்காக் கெடக்குதுங்களே கண்ணு," என்றது. மகளின் குரல்தான். "தொடச்சுப்போடலாமுங்க."

 ஓடவேண்டும் என்று புவனா நினைத்தாள். ஓடினால் தட்டு சாயும். கத்தவேண்டும் என்று நினைத்தாள். கத்தினால் கை ஆடும்.

அது ஓரடி பக்கத்தில் வந்தது. கிராம்பு வாசத்தில் அவள் நாக்கு மரத்தது. அண்ணாந்து அவளைப் பார்த்துச் சிரித்தது. நல்ல சிரிப்பு. கோபமே இல்லாத, உபசரிப்பில் குறை வைக்காத சிரிப்பு.

"தெனமும் நீங்கதானுங்க தொடைக்கறீங்க. இன்னைக்கும் ஒருக்கா தொடச்சுட்டா வேலை முடிஞ்சது. அப்பறம் நாம ரெண்டு பேரும் காப்பி குடிக்கலாமுங்க. எத்தன நாளாச்சு."

துணியை நீட்டியது. விரல்கள் அவள் மணிக்கட்டில் பட்டன. கழுவி வைத்த பீங்கானின் குளிர்ச்சி.

சரிங்க என்ற சொல் அவள் தொண்டைவரை வந்துவிட்டது. பழக்கத்தில், மரியாதையில், பயத்தில். பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அவள் வாயை இறுக மூடி அதை விழுங்கினாள். மூக்கு வழியே மட்டும், மெல்ல, பக்கவாட்டில் மூச்சு விட்டாள்.

"வேண்டாமுங்க," என்றாள்.

மிகச் சின்னக் குரல். ஆனால் வந்துவிட்டது.

அது நீட்டிய துணியைத் திரும்ப இழுத்துக்கொண்டது. பிறகு தலையை ஆட்டிக்கொண்டது. பாவாடையைச் சேர்த்துப் பிடித்து, முழங்காலில் கைவைத்து, வயதானவர்கள் உட்காருவதுபோல மெல்ல அவள் காலடியில் உட்கார்ந்தது. துணியை மடியில் பரப்பி, சுருக்கம் போகத் தடவிவிட்டது.

"சரிங்க கண்ணு. எனக்கென்ன அவசரம். நா இங்கேயே இருக்கறேன்."

காற்று சன்னலை உலுக்கியது. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. கௌதமன் வர இன்னும் ஆறு மணி நேரம். புவனாவின் தோள்பட்டை நடுங்கத் தொடங்கியது, பிறகு முழங்கை, பிறகு விரல்கள். தட்டின் ஒரு பக்கம் நூலளவு சாய்ந்தது. சமப்படுத்தினாள். மேலடுக்குச் சன்னலில் விரித்து வைத்த கை, ஐந்து விரலும் ஐந்து கோடாக நீண்டு, கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது.

"கை நோகுதுங்களா?" என்று காலடியிலிருந்து கேட்டது, மிகவும் பரிவாக. "நா வேண்ணா வாங்கிக்கட்டுங்களா?"

"வேண்டாமுங்க," என்றாள் புவனா, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.